கணையத்தின் தொழிலைக் கண்ட கிளாடு பெர்னார்

நமது இரைப்பைக்குப் பின்புறத்தே, முதுகெலும்பை அணைத்தாற்போல, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உறுப்பு மறைந்து கிடக்கின்றது. கணையம் என்பது அதன் பெயர். இருக்குமிடம் தெரியாமல் தன் தொழிலைச் செய்வது அதன் இயல்பாகலின், அது நலமாயிருக்கும் வரையில் அதனை நினைப்பார் எவருமிலர். அது அழற்சியுற்று வீங்கும்போதோ, மேல்வயிற்றில் தோன்றி முதுகு வரையில் ஊடுருவும் அந்நோவை அநுபவித்தவர் ஒருநாளும் மறவார். 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவிய காலை, நுரையீரலைப் பற்றும் இந்நோய் கணையத்தையும் பற்றி அழற்சியை விளைவிக்குமோ என்றதோர் ஐயம் மருத்துவரிடையே எழுந்தது. அந்த ஐயத்தைத் தீர்க்கப் புகுந்தோர், தாம் அறிந்தோ அறியாமலோ, 1878-ஆம் ஆண்டிலேயே மறைந்துபோன பிரெஞ்சு அறிஞர் ஒருவர் எழுப்பிய வினாக்களையே மீண்டும் எழுப்ப வேண்டியவராயினர். கணையம் செய்யும் தொழில் இன்னதென்று தெளிவுறக் காட்டியவரும், கணைய அழற்சியைத் தம் கையாலேயே ஒரு நாயின் உடலில் உண்டாக்கிக் கண்டவரும், ஒன்று மற்றொன்றிற்குக் காரணமென்று துணிந்து கூறுதற்கு எத்தகைய சான்று வேண்டுமென நூல் எழுதியவரும் ஆகிய கிளாடு பெர்னாரே அவர். அவருடைய சரிதத்தை இங்கே ஒருவாறு சுருக்கி வரைவோம்.

பிரான்ஸ் தேசத்தில் ரோன் நதியின் நாட்டிலே, வில்பிராஞ்சு என்னும் ஊரை அடுத்த சென் ஜூலியன் கிராமத்தில் 1813-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள் பெர்னார் பிறந்தார். தந்தையார் திராட்சைத் தோட்டம் பயிரிட்டு மது வடிக்கும் குடியானவர். செல்வம் மிகுந்த குடும்பமன்று. கிராமத்துக் குருவானவர் சிறுவனுக்கு லத்தீன் கற்பித்தார். பின்னர் வில்பிராஞ்சு ஊரில் இயேசு சபையார் நடத்திய பள்ளியிலும் வேறொரு பள்ளியிலும் பயின்றார். பள்ளியில் அவர் பெரும்புகழ் எய்தினாரென்று எவரும் எழுதி வைக்கவில்லை. பட்டம் பெறாமலே படிப்பை விட்டு, 19 வயதளவில் லியோன் நகரத்தை அடுத்த வேசு என்னுமிடத்தில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தார்.

அக்கடையில் அவர் கற்றது மருந்துகளில் நம்பிக்கை வையாமையே எனலாம். அந்நாளில் தேரியாக்கம் என்றொரு லேகியம் சகல ரோகங்களுக்கும் கைகண்ட மருந்தெனப் பெயர் பெற்றிருந்தது. அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகள் சேர்ந்த அந்த லேகியத்திற்கு வாங்குவோர் குறைவதில்லை. கடையில் எந்த மருந்து கெட்டுப்போயினும், எந்தக் கலவை தவறிப்போயினும், அதனைக் கொட்டிவிடாமல் தேரியாக்கத்தின் சாடியில் சேர்த்துவிடும்படி முதலாளி கட்டளையிடுவாராம். எதையெதையோ கலந்த அச்சாடியிலிருந்து எடுத்துக் கொடுத்த மருந்தை உண்டவரும் குணமானதாகச் சொல்லிக்கொண்டு வருவதை இளைஞர் கண்டார். மருந்து உண்டதன் பின் நோய் நீங்கியதனாலேயே மருந்தினால் நோய் நீங்கிற்று எனல் கூடுமோ என்ற கேள்வி அவர் உள்ளத்தில் வேரூன்றியது அந்தச் சாடியின் அருகிலேதான் போலும்.

ஆயினும் அக்காலத்தில் அவருடைய ஆசையெல்லாம் நாடகம் எழுதுவதிலேயே இருந்தது. அவர் எழுதிய சிறியதோர் இன்ப நாடகம் லியோன் நகரத்து அரங்கொன்றில் நடிக்கப்பட்டு, அவருக்குச் சிறிது பணமும் ஈட்டித் தந்தது. அதனால் ஊக்கமுற்று, பிரிட்டனி நாட்டு அரசிளங்குமரன் ஒருவனைப் பற்றி ஐந்து அங்கங்கள் கொண்ட சோக நாடகம் ஒன்றையும் இயற்றி, அதனைக் கையில் எடுத்துக்கொண்டு 1834-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரம் சென்றார். ஸோர்போன் கலாசாலையில் இலக்கியப் பேராசிரியராயிருந்த ஜிரார்தன் என்பார் அதனை வாசித்துப் பார்த்தார். நாடகத்தை அவர் இகழவில்லை; ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டுமென்றும், மருந்துக்கடையில் பழகியவராதலால் வைத்தியம் கற்பது நலமென்றும், ஓய்ந்த வேளையில் கவிதை எழுதலாமென்றும் எடுத்துக் கூறினார். இத்தகைய புத்திமதியைக் கேட்டுப் பெரும்பாலோர் மனமுடைந்து போவர். பெர்னாரோ கேட்டபடியே செய்தார். சோக நாடகம் பெட்டிக்குள் போயிற்று. அவர் இறந்த பின்னரே அது அச்சாயிற்று.

வைத்தியக் கல்லூரியில் அவர் விளங்கிய மாணாக்கரல்லர். 1839-ஆம் ஆண்டில் வைத்தியசாலைப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 29 பேரில் அவர் 26-ஆவதாக நின்றார். நம் கலாசாலையில் பரீட்சைப் பட்டியலின் அடியில் தம் பெயரைத் தேடும் அன்பர்கள் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்வாராக. ஆனால் அந்த 26-ஆமவர் பகலெல்லாம் அறுவை மேசையின் அருகே நின்றார் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். பிரான்ஸ் தேசத்தின் தலைசிறந்த உடலியலறிஞராகிய மஜாந்தி என்பார் அவர் கைத்திறத்தைக் கண்டு 1841-ஆம் ஆண்டில் தமக்கு உதவியாளராக அமர்த்திக்கொண்டார். மஜாந்தி கடுஞ்சொல்லினர், எந்தக் கொள்கையையும் நம்பாதவர், கண்ணாற் கண்டதை மட்டுமே ஒப்புக்கொள்பவர். சீடன் தம்மை விஞ்சிவிட்டான் என்பதைச் சில நாட்களிலேயே உணர்ந்து, அதனை வாய்விட்டுச் சொல்லும் பெருந்தன்மையும் அவரிடம் இருந்தது.

1843-ஆம் ஆண்டில் இரைப்பை நீரைப் பற்றி ஆய்வுரை எழுதிப் பெர்னார் வைத்தியப் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் ஆசிரியப் பதவிக்கு நடந்த போட்டியில் தோல்வியுற்றார். கையிற் பணமில்லை. சொந்தக் கிராமத்திற்கே திரும்பிச் சென்று நாட்டு வைத்தியராய்க் காலங்கழிப்பதென்றும் எண்ணலானார். அப்போது நண்பரொருவர் இடைநின்று, பாரிஸ் வைத்தியர் ஒருவரின் மகளாகிய பானி மார்த்தன் என்பாரை அவருக்கு 1845-ல் மணம் முடித்து வைத்தார். அம்மையார் கொண்டுவந்த சீதனத்தினால் ஆராய்ச்சி தொடர்ந்து நடந்தது. அந்த ஆராய்ச்சியே பிற்காலத்தில் அவ்வில்லறத்தைப் பிளந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கணையத்திற்கு வருவோம். 1642-ஆம் ஆண்டில் பாதுவா நகரத்தில் விர்சுங் என்பவர், தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவனின் உடலை அறுத்தபோது, கணையத்தின் நடுவே ஓடும் நாளத்தைக் கண்டார். 1664-ல் டச்சு இளைஞராகிய த கிராப் ஒரு பறவையிறகின் தண்டை நாயின் கணைய நாளத்தில் பொருத்திச் சிறிது நீரை வடித்தெடுத்தார். அந்நீர் எதற்கென்பது மட்டும் விளங்கவில்லை. இரைப்பைக்கு மெத்தைபோல் இருப்பதே இவ்வுறுப்பின் வேலையென்று முற்காலத்துப் பெரியோர் சிலர் எழுதியிருந்தனர். கணையச்சாறு கொழுப்பைக் குழைக்குமென்றும், மாப்பொருளைச் சர்க்கரையாக்குமென்றும் ஜெர்மானியர் இருவர் பெர்னாருக்குச் சற்று முன்னர்க் கண்டிருந்தனர். உயிருள்ள உடலில் அது செய்வதென்ன என்பதை ஒருவரும் காட்டவில்லை.

1846-ஆம் ஆண்டில் ஒரு நாள் சந்தையில் வாங்கிய முயல்கள் சில ஆய்வுச்சாலைக்குக் கொண்டுவரப்பட்டன. மேசைமேல் விடப்பட்ட அவை சிறுநீர் கழித்தன. அந்நீர் தெளிந்தும் புளிப்புத்தன்மை பெற்றும் இருந்ததைப் பெர்னார் கவனித்தார். புல் தின்னும் பிராணிகளின் சிறுநீர் கலங்கலாயும் காரத்தன்மை உடையதாயும் இருப்பதே வழக்கம். தெளிந்த புளிப்பு நீர் ஊனுண்ணும் பிராணிகளுக்கே உரியது. வேறொருவராயின் மேசையைத் துடைக்கச் சொல்லி அப்பாற் சென்றிருப்பர். பெர்னாரோ நின்று யோசித்தார். இம்முயல்கள் வெகுநேரம் பட்டினி கிடந்திருக்க வேண்டும். பட்டினி கிடக்கும் பிராணி தன் ஊனையே தான் உண்டு உயிர்வாழ்கின்றது. ஆகவே அது புலாலுண்ணியாகிவிடுகின்றது என்று கருதினார். கருதியதோடு அமையாமல் அவற்றிற்குப் புல் இட்டார், சிறுநீர் கலங்கிற்று. மீண்டும் பட்டினி போட்டார், தெளிந்தது. குதிரையிலும் சோதித்தார், அவ்வாறேயாயிற்று. பின்னர் முயல்களுக்கு வெந்து ஆறிய மாட்டிறைச்சியை ஊட்டினார். அப்போதும் சிறுநீர் தெளிந்தே இருந்தது.

இறைச்சியை அவை சீரணித்தனவா என்றறியும் பொருட்டு ஒன்றை அறுத்துப் பார்த்தபோதே அரிய காட்சி கிடைத்தது. கொழுப்பு சீரணமாகிக் குடலினின்றும் உறிஞ்சப்படும்போது, குடலின் மெல்லிய நாளங்கள் பால் நிறைந்தாற்போல வெளுத்துத் தோன்றும். நாயினிடத்தில் இவ்வெண்மை குடலின் தொடக்கத்திலேயே காணப்படும். முயலினிடத்திலோ இரைப்பையின் வாயிலுக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் கீழேதான் அவ்வெண்மை தொடங்கிற்று. ஏன் இவ்வேற்றுமை? முயலின் உடலமைப்பை நோக்கினார். பித்த நாளம் மேலே திறக்கின்றது. கணைய நாளமோ மிகத் தாழ்ந்த இடத்தில் திறக்கின்றது. வெண்மை தொடங்குமிடம் அந்நாளம் திறக்குமிடமேயாயிருந்தது. கொழுப்பைக் குழைத்து உடல் ஏற்கும்படி செய்வது கணைய நீரே என்னும் எண்ணம் அப்பொழுதே உதித்தது. சிறுநீரில் தொடங்கிய விசாரம் கணையத்தில் வந்து முடிந்தது.

அதன்மேல் நாய்களின் கணைய நாளத்தில் குழல் பொருத்தி, தெளிந்து கொழுகொழுவென்றிருக்கும் அந்நீரைத் தூயதாக எடுத்தார். எண்ணெயோடு அதனைக் கலந்தால் அது பால்போலாவதையும், கொழுப்பு அமிலமும் கிளிசரினுமாகப் பிரிவதையும் காட்டினார். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் பரிசளித்துப் பாராட்டிற்று. 1856-ஆம் ஆண்டில் கணையத்தைப் பற்றிய பெருங்கட்டுரை வெளிவந்தது. பித்தநீருக்கும் கொழுப்பின் சீரணத்தில் பங்குண்டு என்பதற்கு அவர் போதிய இடம் தரவில்லை. அக்குறையைப் பிற்காலத்தவர் நிரப்பினர்.

அதே 1856-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சோதனை ஒன்று அந்நாளில் அவ்வளவாக மதிக்கப்படவில்லை. பித்தநீரையும் ஒலிவ எண்ணெயையும் கலந்து ஒரு நாயின் கணைய நாளத்திற்குள் செலுத்தினார். அவ்வுறுப்பு கடும் அழற்சியுற்றது. கணைய அழற்சியை மனிதன் கருவி கொண்டு உண்டாக்கியது அதுவே முதன்முறையென்பர். அதன் பொருள் விளங்க அரை நூற்றாண்டு கழிந்தது. பாஸ்டன் நகரத்து ரெஜினால்டு பிட்ஸ் 1889-ல் இந்நோயின் இலக்கணங்களைத் தொகுத்துரைத்தார். பிராகு நகரத்துக் கியாரி 1896-ல், கணையம் தன் நீரினாலேயே தன்னைச் சீரணித்துக் கொள்வதுதான் இந்நோய் என்றார். 1901-ல் அமெரிக்கராகிய ஓப்பி, இறந்த நோயாளி ஒருவரின் உடலில் பித்தநாளமும் கணையநாளமும் கூடும் வாயிலைச் சிறு பித்தக்கல் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கக் கண்டார். வெளியேற வழியற்ற பித்தநீர் கணைய நாளத்துள் ஏறியிருந்தது. பெர்னார் பீச்சுக்குழலால் செய்ததை இயற்கை ஒரு கல்லினால் செய்திருந்தது. இன்றும் கடுங்கணைய அழற்சிக்குப் பித்தக்கல்லும் மதுபானமுமே முதன்மையான காரணங்கள். ஊனையே கரைக்கவல்ல நொதிகள் கணையத்திலிருந்து செயலற்ற நிலையில் புறப்பட்டுக் குடலை அடைந்த பின்னரே செயல்பெறுகின்றன. அம்முறை தவறி அவை உள்ளேயே விழித்துக்கொள்ளின் வீட்டிற்குள் வைத்த நெருப்பாகி விடுகின்றன.

கணையத்தின் மற்றொரு தொழில் பெர்னாருக்கு அகப்படாமலே போயிற்று. நீரிழிவைப் பற்றி அவரைப்போல் உழைத்தவர் அக்காலத்தில் இலர். சர்க்கரையில்லா உணவுண்ட நாயின் கல்லீரலிலிருந்து வரும் இரத்தத்திலும் சர்க்கரை இருப்பதை 1848-ல் கண்டார். ஒரு நாள் கல்லீரலிலுள்ள சர்க்கரையை அளக்கும்போது, நேரமின்மையால் இரண்டு அளவுகளில் ஒன்றை மறுநாளைக்கு ஒதுக்கி வைத்தார். மறுநாள் பார்க்கச் சர்க்கரை கூடியிருந்தது. அந்தத் தற்செயலைப் பற்றிக்கொண்டு, கல்லீரலைச் சர்க்கரை அறவே நீங்கும்படி நீரால் கழுவி வைத்து, மீண்டும் சர்க்கரை தோன்றுவதை 1855-ல் நிறுவினார். 1857-ல் கிளைக்கோஜன் என்னும் பொருளைத் தூயதாகப் பிரித்தெடுத்தார். ஆயினும் கணையத்திற்கும் நீரிழிவிற்கும் உள்ள உறவு அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. கணைய நாளத்துள் கொழுப்பை ஏற்றி அவ்வுறுப்பை அழித்தும் நாய்களுக்கு நீரிழிவு வரவில்லையென்று கண்டு, உறவில்லையென முடிவு செய்தார். சீரண நீரைச் சுரக்கும் பகுதி அழிந்தும், இரத்தத்தில் நேரே சுரக்கும் சிறு தீவுகள் பிழைத்திருந்தன என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? அத்தீவுகளை லாங்கர்ஹன்ஸ் என்னும் ஜெர்மானிய மாணாக்கர் 1869-ல் கண்டார். அவருக்கும் அவற்றின் தொழில் தெரியாது. கணையத்தை முற்றும் அறுத்தெடுத்த நாய்க்கு நீரிழிவு வருமென்பதை மெரிங்கும் மிங்கோவ்ஸ்கியும் 1889-ல் காட்டினர். இன்சுலின் 1921-ல் கிடைத்தது.

குராரி என்னும் அம்பு நஞ்சு நரம்பு தசையைத் தொடுமிடத்தில் தாக்குகின்றது என்பதும், கரிப்புகை இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் இடத்தைக் கவர்ந்து கொல்லுகின்றது என்பதும், இரத்தக் குழாய்களைச் சுருக்கவும் விரிக்கவும் நரம்புகள் உண்டென்பதும் அவர் கண்டவையே. 1854-ல் விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். அவ்வாண்டே ஸோர்போனில் பேராசிரியப் பதவியும், 1855-ல் மஜாந்தி இறந்தபின் காலேஜ் த பிரான்ஸில் அவருடைய பீடமும் கிடைத்தன.

இத்தனையும் நடந்த இடம் வெளிச்சமும் காற்றும் புகாத ஈரமான நிலவறை. அங்கே உயிருள்ள பிராணிகள் அறுக்கப்பட்டன. மயக்க மருந்து 1846-ல்தான் உலகறிய வழக்கிற்கு வந்தது. வந்த பின்னும் அது எப்பொழுதும் பயன்படுத்தப்படவில்லை. பெர்னாரின் புகழை எழுதுவோர் பலர் இதனை ஒரு வரியில் கடந்து விடுகின்றனர். அங்ஙனம் கடத்தல் நேர்மையன்று. அந்நாய்கள் பட்ட துன்பம் துன்பமே. ஒருமுறை வயிற்றில் உலோகக் குழல் பொருத்தப்பட்ட நாயொன்று ஆய்வுச்சாலையிலிருந்து ஓடிவிட்டது. அது அவ்வட்டாரத்துப் போலீஸ் கமிஷனரின் நாய். தெருவில் திருடிக் கொணர்ந்து விற்கப்பட்டது. குழலோடு வீடு திரும்பிய நாயைக் கண்ட கமிஷனர் பெர்னாரை அழைப்பித்தார். பெர்னார் ஒன்றையும் மறைக்காமல் நடந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டி, குழலை எடுத்து நாயைக் குணமாக்கித் தருவதாக வாக்களித்து அவ்வாறே செய்தார். அக்கமிஷனர் அவருக்கு நண்பரும் காவலருமானார்.

வீட்டிலிருந்தவர்களை அவ்வாறு சமாதானம் செய்ய இயலவில்லை. மனைவியாரும் இரு பெண்மக்களும் பிராணி வதையை அருவருத்தனர். 1870-ஆம் ஆண்டளவில் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்தனர். பிற்காலத்தில் அம்மையாரும் பெண்களும் தெருநாய்களுக்குப் புகலிடம் அமைத்துப் பேணினர் என்பர். தந்தையார் செய்ததற்குக் கழுவாயாக அவர்கள் அதனைக் கருதினரோ, அறியோம். கல் நெஞ்சினரென்று பெர்னாரைத் தள்ளிவிடுவதும் எளிதன்று. தன் செயல் நோயுற்ற மாந்தர்க்குப் பயன்படுமென்று அவர் மெய்யாகவே நம்பினார். அவருடைய ஆய்வுச்சாலையில் முன்னர்ப் பணிபுரிந்த ஜார்ஜ் ஹாகன் என்னும் வைத்தியர், ஆய்வாளரின் பெயரைக் குறிப்பிடாமல், தாம் கண்ட கொடுமைகளை 1875-ல் ஆங்கிலப் பத்திரிகையொன்றில் எழுதினார். மறு ஆண்டிலே இங்கிலாந்தில் பிராணிகள்மேற் செய்யும் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது.

1860-க்குப் பின் பெர்னாருடைய தேகநலம் குன்றிற்று. வயிற்றுநோவும் வாந்தியும் காய்ச்சலும் மாறிமாறி வருத்தின. நிலவறையின் ஈரமே காரணமென்று பலர் எண்ணினர். அது நாட்பட்ட குடலழற்சியென்றும், கல்லீரலும் கணையமும் தாக்குண்டதன் அறிகுறிகள் அதில் உண்டென்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கணையத்தை ஆராய்ந்தவரைக் கணையமும் வருத்திற்றுப் போலும். அவர் பிறந்த ஊருக்குச் சென்று, தாம் வாங்கிய வீட்டில், திராட்சைத் தோட்டத்தின் நடுவே நெடுங்காலம் ஓய்ந்திருந்தார். அவர் மனந்தளர்ந்திருப்பதை அறிந்த லூயி பாஸ்டர், அவருடைய ஆராய்ச்சிகளைப் புகழ்ந்து 1866-ல் பத்திரிகையில் கட்டுரை எழுதினார்.

அந்த ஓய்விலேதான் 1865-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய பெருநூல் உருவாயிற்று. சோதனை வைத்தியத்தைப் பயில்வதற்கு முகவுரையாக எழுதப்பட்ட அந்நூலில் முயல்களின் கதையும் வருகின்றது. அதன் உயிர்நாடி ஒன்றுண்டு. ஒரு நிகழ்ச்சி இருக்குமிடத்து மற்றொன்றும் இருக்கின்றது என்று காட்டிவிட்டால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. முன்னதை நீக்கினால் பின்னதும் நீங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். எதிர்ச்சோதனையென இதனைக் கூறலாம். தேரியாக்கச் சாடியின் அருகே பிறந்த ஐயத்திற்கு அவர் தேடிக்கொண்ட மருந்து இதுவே.

தொடக்கத்திற் கூறிய கொரோனா வினாவை இவ்விடத்திலே எடுத்துக்கொள்வது பொருந்தும். 2020-ஆம் ஆண்டின் முற்பகுதியில் சீன தேசத்து வூகான் நகரத்து மருத்துவர்கள், கொரோனாவால் நுரையீரல் அழற்சியுற்ற 52 நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுள் 9 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 17 பேருக்கு, இரத்தத்தில் அமிலேஸ் அல்லது லைபேஸ் என்னும் கணைய நொதி மிகுந்திருந்ததாக வெளியிட்டனர். கிருமி உடலுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏஸ்-2 என்னும் கைப்பிடி கணைய உயிரணுக்களிலும் உண்டு என்பதும் தெரிந்திருந்தது. இறந்தோர் சிலரின் கணையத்தில் கிருமியின் சுவடும் பின்னர்க் காணப்பட்டது. புட்டாளம்மை முதலிய வேறு கிருமிகளால் கணைய அழற்சி உண்டாவது பழைய செய்தி. இவையெல்லாம் சேர்ந்து ஐயத்தை வலுப்படுத்தின.

பெர்னார் இருந்திருப்பின் முதலில் நொதியையே குறுக்கு விசாரணை செய்திருப்பார். அமிலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வரும். சிறுநீரகம் தளர்ந்தால் வெளியேறாமல் தங்கும். குடல் புண்பட்டாலும் நொதிகள் ஏறும். ஆகவே நொதி சிறிது கூடியதனால் மட்டும் அழற்சி என்றல் பொருந்தாது. இயல்பான நோவு, மேல்வரம்பின் மும்மடங்குக்குக் குறையாத நொதி, படத்தில் தெரியும் மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருத்தல் வேண்டுமென்பது 2012-ல் திருத்தப்பட்ட சர்வதேச விதி. இவ்விதிப்படி நியூயார்க் நகரத்து வைத்தியசாலைகளில் கொரோனாவோடு சேர்க்கப்பட்ட 11,883 பேரை எண்ணிப் பார்த்தபோது, கணைய அழற்சியுற்றோர் 32 பேரே. நூற்றுக்குப் பதினேழு எங்கே, ஆயிரத்திற்கு மூன்றளவும் எட்டாத இத்தொகை எங்கே!

எதிர்ச்சோதனைக்கு வழி என்ன? மனிதர்க்குக் கிருமியை ஏற்றியும் நீக்கியும் பார்த்தல் முயலுக்குப் புல்லிட்டு நிறுத்துவதுபோல் ஆகாது. கிருமியுற்றோரையும் உறாதோரையும் அருகருகே வைத்து எண்ணுதல் ஒன்றே வழி. இங்கேதான் பெர்னார் நமக்கு உதவாமற் போகின்றார். எண்ணிக்கையிலும் சராசரியிலும் அவருக்குச் சற்றும் மதிப்பில்லை. பல தேசத்தார் வந்திறங்கும் புகைவண்டி நிலையத்தில் சிறுநீரைச் சேர்த்து ஐரோப்பியரின் சராசரிச் சிறுநீரை அறியலாமென்று எண்ணியவர் ஒருவரை அவர் தம் நூலிலே ஏளனம் செய்கின்றார். ஒருமுறை நிகழ்ந்து மறுமுறை நிகழாததற்கு ஏதேனும் ஒரு காரணம் இருந்தே தீரும், அதைத் தேடாமல் எண்ணிக்கொண்டிருப்பது சோம்பல் என்பது அவர் கட்சி. ஆய்வுச்சாலை மேசைக்கு அது சரி. கொள்ளைநோய்க் காலத்து வைத்தியசாலைக்கு அது போதாது. பல தேசங்களில் கணைய அழற்சியோடு வந்த 1,777 பேரை ஒருங்கே நோக்கிய ஆராய்ச்சியொன்றில் 149 பேருக்குக் கொரோனாவும் இருந்தது. அவர்கள் மற்றவரினும் கடுமையாக வருந்தினர், மிகுதியாக இறந்தனர். அவ்வளவும் எண்ணியே அறியப்பட்டது. ஆயினும் அவர்கள் இறந்தது கணையத்தாலா, நுரையீரலாலா என்று கேட்கவேண்டியபோது மீண்டும் பெர்னாரே முன் வந்து நிற்கின்றார். கடுநோயால் இரத்தவோட்டம் குறைந்தும் பிராணவாயு போதாமலும் கணையம் புண்படலாம். கொடுத்த மருந்தாலும் ஆகலாம். பித்தக்கல் முன்னரே இருந்திருக்கலாம். இவற்றையெல்லாம் விலக்கிய பின்னும் காரணம் புலப்படாத சிலர் எஞ்சுகின்றனர். கொரோனா கணைய அழற்சியை அரிதாக விளைவிக்கக்கூடும் என்று அவர்களைக் கொண்டு கூறலாம். ஐயமற நிறுவப்பட்டதாகக் கூறல் ஒல்லாது. மருத்துவம் எவ்வாறாயினும் ஒன்றே: நாளத்தின் வழியே நீரேற்றுதல், நோவைத் தணித்தல், கூடிய விரைவில் உணவு தொடங்குதல். பல நாள் பட்டினி போடும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது.

பெர்னாருடைய இறுதிக்காலத்திற்குத் திரும்புவோம். 1864-ல் மூன்றாம் நெப்போலியன் அவரோடு நெடுநேரம் அளவளாவி மகிழ்ந்து, அவருக்கு நல்ல ஆய்வுச்சாலைகள் கிடைக்கச் செய்தார். 1868-ல் பிரெஞ்சு அக்காடமி அவரைத் தன் நாற்பதின்மருள் ஒருவராகத் தேர்ந்தது. நாடகத்தோடு பாரிஸ் வந்து திருப்பியனுப்பப்பட்ட இளைஞர் முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து இலக்கியப் பேரவையில் அமர்ந்தார். 1869-ல் செனட்டரானார். நம் உடலின் உயிரணுக்களெல்லாம் உள்ளேயுள்ள நீர்மச் சூழலிலேதான் வாழ்கின்றன. புறவுலகம் எவ்வளவு மாறினும் அச்சூழல் மாறாது காக்கப்படுவதனாலேயே உயிர் சுதந்தரமாய் உலாவுகின்றது என்னும் அவருடைய கொள்கை இவ்வாண்டுகளில் முதிர்ந்தது.

வீட்டில் தனியராயிருந்தார். விரிவுரை கேட்க வந்த ராபலோவிச் அம்மையார் என்னும் கற்றறிந்த பெண்மணியின் நட்பே அவருக்கு ஆறுதலாயிற்று. அவ்வம்மையாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. இலையுதிர் காலந்தோறும் சென் ஜூலியன் சென்று திராட்சை அறுவடையைப் பார்த்துவருவார். 1877-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலும் அங்கே சென்று, நொதித்தலைப் பற்றிச் சில சோதனைகள் செய்து குறிப்பெழுதி வைத்தார். அக்குறிப்புகளை அவர் எவருக்கும் காட்டவில்லை. பாரிஸ் திரும்பியபின் குளிர்காலத்தில் நோய் முற்றிப் படுத்தார். 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ஆம் நாள் உயிர் நீத்தார். அரசாங்கச் செலவில் அவருடைய இறுதிச் சடங்கு நடந்தது. பிரான்ஸ் தேசத்தில் விஞ்ஞானி ஒருவர்க்கு அம்மரியாதை செய்யப்பட்டது அதுவே முதன்முறை. பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. சென் ஜூலியனில் அவர் வாழ்ந்த வீடு பின்னாளில் காட்சிசாலையாக்கப்பட்டது. அதனைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் இன்னும் உள்ளன.